வடிதாள்

காலை ஆறேகால்.
ஆஸ்பத்திரி மொட்டைமாடியில் பெட்டியைத் திறக்கிறேன்.
நேற்று வைத்த தாள்
மாரி பிஸ்கட்டிலும் சின்னது.
வைக்கும்போது வெள்ளை.
இப்போது இடுக்கியால் தூக்கிப் பிடித்தால்
தவணை முடிவில் பள்ளிச் சப்பாத்தின் நிறம்.

மார்கழி. வாடை.
வாவிக்கு அக்கரை இல்லை.
மண்முனைப் பாலம் பாதியில் முடிகிறது,
அதில் ஏறிய பஸ் எங்கோ போய்ச் சேர்கிறது.

கீழே முகமூடி நான்கு, பிள்ளைகள் ஒன்பது.
யதுசனின் நெஞ்சுக்குள்
பூனைக்குட்டி கத்துகிறது.
அவனை மடியில் வைத்திருந்த இராசநாயகி அக்கா
என்னைக் கண்டதும் சொன்னாள்:
"எல்லாம் அந்தப் போறணைதான்."

போறணை என்றால்
எல்லை வீதிக்கு அந்தப் பக்கம்,
கலந்தர்லெவ்வையின் பேக்கரி.
இந்தப் பக்கம் நாங்கள்.
மனுவில் நாற்பத்து மூன்று கையெழுத்து.
பதினோராவது என்னுடையது.
காற்றை நிறுக்கிறவளே வைத்துவிட்டாள் என்றுதான்
பன்னிரண்டிலிருந்து மளமளவென்று விழுந்தது.

செவ்வாய்க்கிழமை பி.எச்.ஐ. வந்து மூடினார்.
புதன் காலை சூன்பாண் ஆட்டோ வரவில்லை,
கீறல் விழுந்த அந்த ஒற்றைப் பாட்டும் வரவில்லை.
தெரு வெறும் தேத்தண்ணி குடித்தது.
புகைக்கூண்டின் வாயில்
ஒரு காகம் பயமில்லாமல் நின்றது.

வியாழன், தாள் கறுப்பு.
வெள்ளி, அதைவிடக் கறுப்பு.
இரண்டு தரம் நிறுத்தேன்.
மூன்றாம் தரம்
மின்விசிறியை நிறுத்திவிட்டு நிறுத்தேன்.

கணினியில் ஒரு கோடு உண்டு,
காற்றைப் பின்பக்கமாக நடக்க வைக்கும்.
எங்கள் கூரையில் தொடங்கியது.
நேற்று கடல்.
முந்தாநாள் கடல்.
அதற்கு முந்தியும் கடல், ஆயிரம் மீற்றர் உயரத்தில்,
கீழே போன கப்பல் ஒன்று தன் பங்கையும் போட்டிருக்கும்.
ஐந்தாம் நாள் கரை தட்டியது,
கங்கைச் சமவெளி.
அங்கே ஒரு செங்கல் சூளை இருக்கலாம்.
அறுத்த வயலின் அடித்தாளுக்கு
அவசரத்தில் தீ வைத்தவன் இருக்கலாம்.
பழைய டயரைக் கொளுத்திக்
கை காய்ந்த இராக்காவலாளி இருக்கலாம்.
அவன் விரல்கள் அன்றைக்குச் சூடாகின.
மிச்சம்
வழியில் ஒரு மழை பெய்திருந்தால் கடலில் விழுந்திருக்கும்.
பெய்யவில்லை.

இனி யார்மீது மனு எழுத?
நாற்பத்து மூன்று பேரும் திரும்பக் கையெழுத்து வைத்தாலும்
வாடைக்கு எந்த வீதி, எத்தனையாம் இலக்கம்?

சனிக்கிழமை
தாளை ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு
எல்லை வீதியைக் கடந்தேன்.
அவர் மா மூட்டைமேல் இருந்தார்.
டப்பாவைத் திறக்கவில்லை, வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தார்.
"இதுல என்ட புகை இல்லியா புள்ள?"
இருக்கு, கொஞ்சம், என்றேன்.
அவர் கோபிக்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.
"கச்சான் நாளையில அது எங்க போகுது?"
கடலுக்கு.
"கடலுக்கு அங்கால?"

கோட்டை முன்பக்கமாகவும் ஓட விடலாம்.
எட்டு வருடத்தில் நான் ஒருநாளும் விட்டதில்லை.

அன்றிரவு விட்டேன், போன ஆனி மாதக் காற்றில்.
அவர் புகைக்கூண்டில் வைத்தேன்.
பிறகு, ஏனோ, என் வீட்டு முற்றத்திலும்.
இரண்டு கோடும் எல்லை வீதி தெரியாமல்
ஒன்றின்மேல் ஒன்று விழுந்து கிழக்கே போயின.
நான்காம் நாள் ஒரு தீவு.
பெயரைப் பெரிதாக்கிப் படிக்கலாம்.
படிக்கவில்லை.

திங்கள், போறணை திறந்தது.
பாட்டு அதே இடத்தில் கீறிக்கொண்டு வந்தது.
தாள் எப்போதும்போல.

வேலியோரம் பூவரசஞ் சருகு,
இரண்டு பொலித்தீன் பை,
நான்கு நாளாகச் சேர்த்து வைத்திருக்கிறேன்.
வானம் கறுக்கிறது,
நனைந்தால் பிறகு எரியாது.
நெருப்புப்பெட்டி கையில் இருக்கிறது.
எந்தப் பக்கம் காற்று என்று
விரலை நனைத்துப் பிடித்துப் பார்க்கிறேன்.